மாமியார் அலம்பிய மீன்தொட்டி

கல்யாணமான புதிதில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. கண்டோன்மெண்டில் ஒரு பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சைச் செடிகள், நடுவே வாலை விசிறிக்கொண்டு மீன்கள். பல் போனதே தெரியவில்லை. வீங்கிய கன்னத்தோடு திரும்பி வரும் பஸ்ஸிலேயே, எனக்கும் அதுபோல் ஒன்று வேண்டுமென்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் ஆரம்பம் அது. புதுப் பெண்டாட்டி கேட்டால் மறுக்கத் தெரியாத வயது அவருக்கு.

வெறும் அழகுக்காக மட்டும் வந்த ஆசையில்லை. ஸ்ரீரங்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், நான் தேய்த்த பாத்திரத்தை மாமியார் மறுபடி தேய்ப்பார். நான் பொறுக்கிய அரிசியை மறுபடி பொறுக்குவார். நான் போட்ட கோலத்தில் ஒரு இழையாவது திருத்தாமல் உள்ளே வரமாட்டார். கோபம் கோபமாக வரும். புது நாட்டுப்பெண், எங்கே போய்க் கத்துவது? நான் வைத்தது வைத்தபடி இருக்கிற ஒரே ஒரு சாமான் அந்த வீட்டில் எனக்கு வேண்டியிருந்தது.

மாமியார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "ஒரு ஜீவன் செத்து மிதந்தாலும் அன்னிக்கே தொட்டி வெளியில போயிடணும். உயிர் போற ஆத்துல பெருமாளுக்குத் தளிகை பண்ண முடியாது."

பெரிய கடை வீதியில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் சின்னதாக ஒரு தொட்டி செய்து வாங்கினோம். கொள்ளிடத்து மணலைச் சலித்துப் பரப்பினேன். வாய்க்காலில் பறித்த வேலம்பாசியைக் கொத்துக் கொத்தாக நட்டேன். காலேஜில் பாடம் நடத்தும் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒரு ஜோடி கப்பி மீன் கொடுத்தார். "செடி வேர் பிடிக்கட்டும். தண்ணியை அடிக்கடி மாத்திடாதீங்க. பழகின தண்ணிதான் அதுங்களுக்கு நல்லது" என்றார்.

வாரங்கள் போயும் ஒரு செடிகூட வேர் பிடிக்கவில்லை. தினமும் காலையில் செடிகள் இடம் மாறியிருக்கும். மீன்கள் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கும். ஒரு நாள் ஆண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து நீந்தியது.

மறுநாள் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்து பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடியில் மாமியார். மீன்கள் வாளியில். மணலை உளுந்து களைவதுபோல் களைந்து, செடியைக் கீரை அலம்புவதுபோல் அலம்பி வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி வைத்த தண்ணீரைக் காலையில் கொட்டி, குடத்தைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்புவது அந்த வீட்டு வழக்கம். என் தொட்டியும் அவர் கணக்கில் ஒரு குடம்.

"ஏம்மா, தினமுமா இப்படி?"

"பின்னே? பழந்தண்ணியை ஆத்துல வெச்சுண்டிருப்பாளோ? நீ மறந்துடறே. சின்னப் பொண்ணாச்சேன்னு நானே பண்ணிடறேன்."

மிச்சமிருந்த பற்களைக் கடித்துக்கொண்டு, சிநேகிதர் சொன்னதைச் சொன்னேன். "அவர் ஆத்துல குடம் தேய்க்கற லட்சணம் தெரியறது" என்றார். என் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். "அம்மாகிட்ட நீயே சொல்லேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் பறந்துவிட்டார். ஆக, மீனைக் கொல்லப்போவதும் மாமியார். மீன் செத்தால் தொட்டியைத் தூக்கி எறியப்போவதும் மாமியார்.

சண்டை போட்டாவது தடுப்பது என்று அடுத்த நாள் விடியலில் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். மாமியார் தண்ணீர் இறைக்கச் செம்போடு வந்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீருக்குள் தூசிபோல் என்னவோ ஓடியது. தூசிக்குக் கண் இருந்தது.

"அம்மா, குட்டி போட்டிருக்கு!"

சுட்டுக்கொண்டவர்போல் கையை இழுத்தார். "பிரசவமா? தொட்டுத் தொலைச்சிருப்பேனே! தீட்டுடீ!"

சத்தம் கேட்டு எழுந்து வந்த என் வீட்டுக்காரர், "மீனுக்கு என்னம்மா தீட்டு?" என்றார்.

"மாடு கன்னு போட்டா பத்து நாள் அந்தப் பாலைத் தொடறோமா? ஆத்துக்குள்ள பிரசவம்னா பிரசவம்தான். பத்து நாள் யாரும் இதுல கை வைக்கப்படாது."

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள நான் படாத பாடு பட்டேன்.

தீட்டில் தொட்டி பிழைத்தது. தண்ணீர் தெளிந்தது. வேலம்பாசி வேர்விட்டு, இளம்பச்சையில் துளிர்த்து மேலே வந்தது. வெயில் பட்டால் இலையெல்லாம் குமிழி கட்டும். ஆண் மீன் நேராக நீந்தியது. மாமியார் போகும்போதும் வரும்போதும் எட்ட நின்று பார்ப்பார்.

தீட்டு கழிந்த அன்று புளியும் வாளியுமாக வந்துவிட்டார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். தாய் மீன் ஒரு குட்டியைத் துரத்த, அது பாசிக்குள் புகுந்து மறைந்தது.

"ஏன்டி, பெத்தவளே முழுங்கப் பார்க்கறாளே!"

"ஆமாம்மா. செடி அடர்த்தியா இருந்தாத்தான் குட்டியெல்லாம் தப்பிக்கும். பிடுங்கிட்டா ஒண்ணுகூட மிஞ்சாது."

மாமியார் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் சமையலறையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் வீட்டுக்காரர், சாய்ந்திருந்த ஒரு செடியை நிமிர்த்தத் தொட்டிக்குள் கையை விட்டார் போலிருக்கிறது. மாமியாரின் குரல் கேட்டது.

"கையை எடுடா. அவ வெச்சது வெச்சபடி இருக்கட்டும். அது அவளோடது."

எனக்குக் கண் நிரம்பிவிட்டது. வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கலாமென்றால், அந்த வீட்டுக்குள் வெங்காயமே நுழையாது.