தலவிலைக்குச் சத்தமில்லாமல்

காலை ஐந்தரைக்குச் சிலாபத்திலிருந்து புறப்பட்டோம். நானும் மனைவி மேரியும் எங்கள் ஒன்பது வயது மகள் அனெற்றும். சத்தம் அவளுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவாள். முன்பு ஒருமுறை தலவிலை அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்குப் போய், ஒலிபெருக்கியும் சனநெரிசலும் தாங்காமல் வாசலோடு திரும்பினோம். புனித அன்னம்மாளிடம் மன்றாடிப் பெற்ற பிள்ளை. அவள் கையாலேயே அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்தவேண்டும் என்பது எங்கள் நேர்த்திக்கடன்.

ஆகவே இந்த முறை யோசித்து ஆயத்தம் செய்தேன். திருவிழா இல்லாத மாதம், செவ்வாய்க்கிழமை, பூசை இல்லாத நேரம். பஸ்ஸில் பாட்டுப் போடுவார்கள் என்பதால் முச்சக்கரவண்டி. போய்வரப் பதினையாயிரம் ரூபாய். மர ஆலையில் வேலைசெய்யும் மச்சானின் காதுமூடியையும் வாங்கிக்கொண்டோம். சாரதி பாரூக் நானா ஹோன் அடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். பாலாவிச் சந்தியில் கல்பிட்டி வீதிக்குத் திரும்பியதும் ஒரு மாடு குறுக்கே நின்றது. நானா இறங்கிப்போய் அதன் காதோடு ஏதோ கதைத்தார். மாடும் மரியாதையாக ஒதுங்கியது.

ஏழரைக்கு மாம்புரி. சூன்பாண் வண்டியை மட்டும் நான் யோசிக்கவில்லை. பாட்டுப் போட்டபடி பாண், பனிஸ் என்று பேக்கரிச் சாமான் விற்கும் அந்த முச்சக்கரவண்டி எங்களுக்கு முன்னே ஊர்ந்தது. அனெற் காதுமூடிக்கு மேலே கைகளையும் வைத்து அழத் தொடங்கினாள். நானா ஓடிப்போய்ச் சொல்ல, பாண்காரர் உடனே பாட்டை நிறுத்தினார். அதுதான் வினையாய்ப் போயிற்று. பாட்டு நின்றால் வண்டி வாசலில் நிற்கிறது என்பது அந்த வீதியின் கணக்கு. எல்லா வீட்டிலிருந்தும் சனம் இறங்கி வழியை அடைத்தது.

"திரும்புவமா?" என்றாள் மேரி. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

நானா சனத்துக்கு முன்னே போய் உதட்டில் விரலை வைத்தார். "புள்ளைக்குச் சத்தம் ஆகாது. வாயால கேக்காதீங்க, கையால கேளுங்க."

பிறகு நடந்தது ஒரு ஊமை வியாபாரம். ஒரு பெண் இரண்டு விரல் காட்டி இரண்டு பாண் வாங்கினார். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பனிஸ் கேட்டு விரலால் வட்டம் போட்டார். பாண்காரர் மீன் பனிஸை நீட்ட, பெரியவர் தலையாட்டி மறுத்து, நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டிச் சீனிப் பனிஸ் என்று காட்டினார். அனெற் கைகளை இறக்கிச் சிரித்தாள். அந்தச் சீனிப் பனிஸ் கடைசியில் அவள் மடிக்கே வந்தது. காசு கொடுக்கப் போன எனக்கும் பெரியவர் கையாலேயே "போ" என்றார்.

எட்டேகாலுக்குக் கோவில். கடற்காற்றையும் காகங்களையும் தவிர வேறு சத்தமில்லை. அனெற் காதுமூடியைத் தானே கழற்றி மேரியிடம் கொடுத்தாள். மெழுகுதிரியையும் தானே கொளுத்தினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முழந்தாளில் நின்று, என் வழமைப்படி கூரைக்குக் கேட்கும்படி, "அன்னம்மா தாயே" என்று தொடங்கினேன்.

மகளின் கை வந்தது. தன் காதுக்கு அல்ல, என் வாய்க்கு.

"அப்பா, கையால."

கைகளைக் கூப்பினேன். தாய்க்கு அது கேட்டிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டு இராச்செபமும் அப்படித்தான். அடுத்த வீட்டு அக்கா வேலியால் எட்டிப்பார்த்து, செபம் சொல்வதை விட்டுவிட்டீர்களா என்று கவலையோடு கேட்டார். அனெற் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.