நாங்களே விட்டுவிட்டு வந்த பிள்ளை

அன்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான மச்சானின் லயத்து வாசலில் இருந்தவர்கள் என் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் மாமியார், அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், பிறகு நான். அக்காவின் கணவரான மச்சான் இல்லை. முதல் நாள் அக்காவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிவிட்டு, விடிந்ததும் கொழும்பில் தான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடைக்கு பஸ் ஏறிவிட்டார். அவர்களுடைய மூன்று வயது மகளும் இல்லை. கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் மற்றப் பிள்ளைகளோடு பிள்ளைக்காம்பராவில் இருந்தாள்.

பேச்சு நீளவில்லை. அக்காவைக் கொஞ்ச நாளைக்குத் திம்புள்ளப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. பிள்ளையை என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் சற்றுத் தயங்கினார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிறவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தால், உறவைத் தீர்த்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தால், திரும்பிப் போக மனம் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். பிள்ளை அழ அழ ஆம்பளையின் கோபம் இறங்கும். நாலு பேரோடு வந்து கூப்பிடுவான். அப்படிச் சேர்ந்த குடும்பங்கள் எங்கள் லயத்திலேயே இருக்கின்றன.

"புள்ளைய விட்டுட்டு வா," என்று அம்மாதான் சொன்னார். "அது இங்க இருந்தா அவன் கால் தன்னால நம்ம வாசலுக்கு வரும்."

தலைவரும் அதுதான் சரி என்றார். பொலிஸ், ஆஸ்பத்திரி என்று போனால் குடும்பம் உடைந்துபோகும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாமியார் அழுதுகொண்டே அக்காவின் உடுப்புகளை ஒரு பையில் மடித்து வைத்தார். அக்கா பிள்ளைக்காம்பரா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று உள்ளேயிருந்த ஆயாம்மா கை காட்டினார்.

மச்சான் வரவில்லை.

அக்கா எங்கள் தோட்டத்தில் அன்றன்றைக்கு எண்ணித் தரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கத் தொடங்கினாள். விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவாள். சின்னக் கோப்பை ஒன்றிலும் பாதி ஊற்றி, ஆறட்டும் என்று ஓரமாக வைப்பாள். பிறகு அதைப் பார்த்தபடி நிற்பாள். அப்பா அந்தக் கோப்பையை எடுத்துக் குடித்துவிடுவார். தகரத்தில் மழை விழும்போது பிள்ளை இருமுவதுபோல் கேட்கிறது என்பாள். முதலில் அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கேம்பஸிலிருந்து லீவுக்கு வந்த ஒரு நாள் எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு, கேம்பஸ் விடுதியில் காங்கிரீட் கூரைக்குக் கீழே படுத்திருந்தும் கேட்டது.

ஆரம்பத்தில் அக்கா போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவாள். மாமியார் தேத்தண்ணி கொடுத்து, பிள்ளையை மடியில் விடுவார். பிறகு ஒரு நாள், மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவருடைய சேலைக்குப் பின்னால் சின்னக் கால்கள் இரண்டு தெரிந்தனவாம். அவை முன்னால் வரவில்லையாம்.

ஒரு வருஷம் தாண்டித்தான் கோர்ட்டிலிருந்து அழைப்பாணை வந்தது. சிங்களத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் என்பதால் நான் வரும்வரை அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். விவாகரத்தும், பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்கும் உரிமையான கட்டுக்காப்பும் கேட்டு மச்சான் வழக்குப் போட்டிருந்தார். கணவனையும் பிள்ளையையும் தீய எண்ணத்தோடு கைவிட்டுச் சென்றாள் என்று அதில் எழுதியிருந்தது. நான் வாய்விட்டுத் தமிழில் சொன்னேன்.

"நாம திரும்பிப் போறதுக்குத்தான புள்ளைய விட்டுட்டு வந்தோம்," என்றார் அப்பா. "அது எப்புடிடா கைவிட்டதாகும்?"

படித்தவனிடம் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டார். நான் அழைப்பாணையை முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

டவுனில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த சட்டத்தரணியிடம் போனோம். அவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். அடித்ததால்தான் வெளியேறினாள் என்று வாதாடலாம், ஆனால் அன்றைக்கே பொலிசில் ஒரு முறைப்பாடாவது போட்டிருக்க வேண்டும். தாய் என்பதற்காகவோ தகப்பன் என்பதற்காகவோ மட்டும் பிள்ளையைக் கொடுத்துவிட மாட்டார்கள். பிள்ளைக்கு எது நல்லது என்று பார்ப்பார்கள். இவ்வளவு காலமும் அது யார் கையால் சாப்பிட்டது, யார் பக்கத்தில் தூங்கியது என்று கேட்பார்கள். பழகிய இடத்திலிருந்து பிடுங்க யோசிப்பார்கள்.

"அன்னைக்கே புள்ளையத் தூக்கிட்டு எங்கிட்ட வந்திருந்தீங்கன்னா கதையே வேறம்மா," என்றார்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்கு இழுத்தது. பிள்ளையின் நிலையைப் பார்க்கக் கோர்ட் அனுப்பிய நன்னடத்தை அதிகாரி இரண்டு லயங்களுக்கும் போய்ப் பார்த்தார். அக்கா சாட்சி சொல்ல வேண்டிய நாள் நெருங்கியபோது மச்சானின் தோட்டத்துத் தலைவர் எங்களைத் தேடி வந்தார். அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். மச்சான் பிள்ளையைப் பறித்துக்கொண்டு விரட்டிவிட்டார் என்று அக்கா சொன்னால் தானும் வந்து அப்படியே சொல்வதாகச் சொன்னார். கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா அக்காவின் கையைப் பிடித்தபடியே வந்தார். அப்படியே சொல்லிவிடு என்பதுதான் வழிநெடுகச் சொன்னது.

பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவிடாமல் கணவர் தடுத்தாரா என்று மச்சானின் சட்டத்தரணி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அக்கா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க. அவரு அன்னைக்கு அங்க இல்ல. நாங்களேதான் விட்டுட்டு வந்தோம்."

வெளியே வந்ததும் ஏன் இப்படிச் செய்தாய் என்று நான்தான் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"நாளைக்கு அவ ஒன்னைய மாதிரி படிப்பா. இந்த கேசெல்லாம் எடுத்துப் பாப்பா. நான் பொய் சொன்னேன்னு அதுல இருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு ஒரு வழக்குத் தவணையில் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கதவு திறந்தபோது கையில் ஒரு டொபியோடு வந்தாள். எங்களையும் பார்த்தாள், மாமியாரையும் பார்த்தாள். பிறகு மாமியார் பக்கம் நடந்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விவாகரத்து கிடைத்தது. கட்டுக்காப்பு தகப்பனுக்கு. தாய்க்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறும், பள்ளிக்கூட விடுமுறையில் பாதியும். நியாயம் இல்லை என்று இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, மனது ஆறவும் மாட்டேன் என்கிறது.

முதல் முறை வந்தபோது பிள்ளை எல்லோரையும் மரியாதையாகக் கூப்பிட்டாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். அக்காவின் பக்கத்தில் அசையாமல் படுத்துத் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே, யாரும் சொல்லாமல், சப்பாத்தைப் போட்டுப் பையை மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் நேரம் இருக்கே கண்ணு," என்றார் அம்மா.

"அப்பாயி தேடுவாங்க."

அம்மா லயத்துக்குப் பின்னால் போய்விட்டார். அன்று அவர் திரும்பி வருவதற்குள் பஸ் வந்துவிட்டது.

அப்பா வயதுக்கு முன்பே வேலையிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு எடுத்த சேமலாப நிதி, பால் மாடு, அக்காவின் தோடு, என் கேம்பஸ் உதவிப்பணம், இத்தனை காலப் பஸ் காசு, பிள்ளையைத் திரும்பக் கேட்டுச் செலவான எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிச் சொல்லும்படி பிறகொரு நாள் அப்பா கேட்டார். கூட்டிச் சொன்னேன். மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.