வீடு தருகிற மனுசி

வீடு தருகிற மனுசி நேரில் வரப்போகிறா என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வீடு என்றால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நிலத்துக்கடியில் ஒரு பேஸ்மென்ட். ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, நடுவில் கொஞ்ச இடம். அதற்குள் தம்பியோடு நாங்கள் நான்கு பேர், பெரியப்பா குடும்பம் நான்கு பேர். வீட்டுக்காரர் பனிக்காலம் முடிய வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். அப்பா அரசாங்க வீட்டுக்கு எழுதிப்போட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. இப்போதுதான் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து, இருக்கிற இருப்பைப் பார்த்துப் புள்ளி போடப்போகிறாராம். புள்ளி கூடினால்தான் வீடு. இல்லையென்றால் எங்கே போவது என்று அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

புள்ளி என்ற சொல்லைக் கேட்டதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். புள்ளி எதற்குப் போடுவார்கள் என்று அவருக்கா தெரியாது? துப்பரவுக்கு, ஒழுங்குக்கு, அடக்க ஒடுக்கத்துக்கு.

"நெரிபட்டுக் கிடக்கிறதைக் காட்டினால் ஆர் வீடு தருவினம்? குடும்பத்தைப் பாத்துத்தான் குடுப்பினம்," என்றார்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "இடமில்லை எண்டுதானே வீடு கேக்கிறம்?"

"உமக்கு உது விளங்காது," என்று பெரியப்பா முடித்துவிட்டார். முடிந்ததென்றால் முடிந்ததுதான். அப்பாவும் அண்ணன் சொல்லைத் தட்டாதவர்.

பிறகு நடந்ததெல்லாம் பெண் பார்க்க வருகிற வீட்டு அமர்க்களம். மெத்தைகள் அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் வான் வண்டியில் ஏறிப் போயின. பெரியம்மாவும் இரண்டு அண்ணாமாரும் பஸ் பிடித்துக் கடைகள் இருக்கிற மோலுக்குப் போய் இருட்டும்வரை திரும்பக்கூடாது என்று உத்தரவு. மேல்வீட்டிலிருந்து ஒரு சோபா இரவலாக இறங்கி வந்தது. அம்மா கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வடை சுட்டார். எனக்கு இரட்டைப் பின்னல். இங்கிலிஷ் கதைக்க நான்தான் என்பதால், "நாலு பேர்தான் இருக்கிறம் எண்டு சொல்லு, கனக்கக் கதைக்காதை," என்று பெரியப்பா எனக்குப் பாடம் எடுத்தார். தானும் விருந்தாளி போல் சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் வந்தார். ஐயோ, என்ன உயரம்! எங்கள் கூரைக் குழாயில் தலை இடிக்காமல் குனிந்து வந்த அந்தக் கறுப்பினப் பெண்மணியை நான் வாய் பிளந்து பார்த்தேன். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. ரொறன்ரோவில் இருக்கிற வீடுகளின் சாவி எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோயிலில் சாமி தூக்கி வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அப்படி அடித்துக்கொண்டது. அப்பேர்ப்பட்டவர் வாசலில் குனிந்து தன் சப்பாத்தைத் தானே கழற்றினார். அம்மாவின் வடையை வாங்கி, ருசி என்று இன்னொன்றும் எடுத்தார்.

எத்தனை பேர் என்று கேட்டார். நாலு என்றேன். பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. பெண்மணி சோபாவைப் பார்த்தார், துடைத்து மினுங்கிய தரையைப் பார்த்தார், ஏதோ யோசித்தார். பிறகு என் உயரத்துக்குக் குந்தியிருந்து, நீ எங்கே படுப்பாய் என்று கேட்டார்.

இதற்கு யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. அதோடு, அந்த வீட்டில் தனி அறை உள்ள ஒரே ஆள் நான்தான். கேட்டால் காட்டாமல் இருப்பேனா? அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உடுப்பு அலுமாரியின் கதவைத் திறந்தேன். மேலே எல்லாருடைய குளிர்கோட்டுகளும் தொங்கின. கீழே என் போர்வை, தலையணை, சுவரில் நான் ஒட்டிய நட்சத்திரங்கள்.

அவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் அறை அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டா படுப்பாய் என்று கேட்டார். ஓம், சாத்தினால்தான் பெரியப்பாவின் மெத்தை விரிக்க இடம் வரும் என்றேன்.

இனி விடக்கூடாது என்று நினைத்து நானும் கேட்டேன். "புது வீட்டிலயும் எனக்கு இப்பிடி ஒரு அறை தருவீங்களா?"

அவர் என் கன்னத்தில் கை வைத்தார். "இல்லை, கண்ணே. இப்படி ஓர் அறையை உனக்கு ஒருநாளும் தரமாட்டேன்," என்றார்.

அவர் போனபின் பெரியப்பா தலையில் கை வைத்தார். "பிள்ளை எல்லாத்தையும் கொட்டிப்போட்டாள்! சரி, வீடு துலைஞ்சுது." அம்மா சேலை மாற்றாமலே குசினித் தரையில் இருந்து அழுதார். நானும் அழுதேன். என் கவலை வேறு.

ஆனால் பனி கரையுமுன்னே மல்வேர்னில் எங்களுக்கு வீடு கிடைத்தது. மூன்று அறை, மாடி, பின்னால் புல். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "நான் அண்டைக்கே சொன்னனான், துப்பரவுக்குப் புள்ளி போடுவினம் எண்டு," என்றார். அம்மா படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தந்தது வெயில் விழுகிற ஜன்னல் அறை.

ஒரு சொல்லில் வீடு கொடுக்க வல்ல அவ்வளவு பெரிய மனுசி, என் வீட்டாருக்கு அள்ளிக் கொடுத்தவர், நான் வாய் திறந்து கேட்ட ஒன்றை மட்டும் ஏன் மறுத்தார்? அந்தக் கோபத்தில் நான் பல நாள் அந்த ஜன்னலின் திரையை விலக்கவே இல்லை.