எட்டு முழக் கயிறு

அளவுக் கயிறு பிடிக்கிறவனுக்கு எந்தத் தெருவிலும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஆமாம் என்பார்கள்.

பழவேற்காட்டுக் கோட்டையில் நான் துபாஷி. கோட்டை வாசலிலிருந்து படகுத்துறை வரை கல் பதித்த நடைமேடை போட உத்தரவு வந்தது. தெரு நடுவில் முளை அடித்து, இரு பக்கமும் எட்டு முழக் கயிறு பிடிப்போம். கயிற்றுக்குள் விழுவது கோட்டைக்குச் சொந்தம். ஒரு நுனி என் கையில். அளவை மேற்பார்க்கக் கோட்டையிலிருந்து ஒரு துரை கூட வருவார். உத்தரவைத் தமிழில் சொல்வதும் நான்தான்.

சேறு

முதல் வாசல் மீன்பிடிக்கிற முனுசாமியுடையது. முன்சுவர் நாலு விரற்கடை உள்ளே விழுந்தது. நாலு விரலை மட்டும் செதுக்கி எடுக்க முடியுமா? சுவர் முழுவதும் போனது. எதற்கு என்று கேட்டான். மழைக்காலத்தில் துரைமாரின் சப்பாத்து சேறாகிறது என்றேன்.

அவன் சொன்னதைக் கேட்டுத் துரை என்னைப் பார்த்தார். "அவகாசம் கேட்கிறான்" என்று மாற்றிச் சொன்னேன். அவனைக் காப்பாற்றவா, என்னையா? ஐம்பத்து மூன்று வயதில் இதுகூடப் புரியவில்லை. அவன் சொன்னது இதுதான்: "சேத்துல காலு வெக்க முடியாதவன் இன்னாத்துக்குக் கடல் தாண்டி வந்தான்?"

வளைவு

அடுத்து, எதிர் வரிசையில் துணி வியாபாரியின் மாடிவீடு. இரண்டு தூண்கள் உள்ளே விழுந்தன. துரை உள்ளே போய்ப் பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு வந்தார். நடு முளையைப் பிடுங்கித் தள்ளி அடிக்கச் சொன்னார். தெருவே எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

அந்தப் பக்கம் கன்னியம்மாவின் குடிசை. வாசலில் அவள் புதைத்து வைத்திருக்கும் மண் தொட்டியில்தான் குப்பத்து வலையெல்லாம் உளுத்துப் போகாமலிருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறும். தோண்டினால் தொட்டி உடையும். அது போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று முதல் நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

வியாபாரி என் தோளைத் தட்டினார்: "வழின்னா கொஞ்சம் வளைஞ்சாத்தான் அழகு, துபாஷி அய்யா."

முக்கல்

மறுநாள் கயிறு விரித்தோம். தொட்டியின் விளிம்பு மூன்று விரல் உள்ளே. கன்னியம்மா அழவில்லை. கயிற்றை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். "சணலு உளுத்துப் போவுது, நைனா. பட்டைத் தண்ணில முக்கித் தரேன். ரெண்டு வருசம் தாங்கும்னு தொரைகிட்ட சொல்லு."

சொன்னேன். துரைக்குச் சந்தோஷம். கப்பலில் வந்தவர்தான், ஆனால் சரக்குப் பெட்டியைப் போல வந்தவர், கயிறு தொட்டவரல்ல. கயிறு ஊறுகிற வரை நிழலில் உட்கார்ந்திருந்தார்.

நனைந்த சணல் எவ்வளவு சுருங்கும் என்று வலை தொட்ட கைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொட்டச் சொட்ட மறுபடி இழுத்துப் பிடித்தோம். எட்டு முழத்தைக் காட்டும் நுனி முடிச்சு தொட்டிக்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றது. முதல் அளவுதான் தவறிவிட்டது போலிருக்கிறது என்று துரை அங்கே முளை அடிக்கச் சொன்னார். என் வாய் வறண்டிருந்தது. கன்னியம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்: "குடி நைனா, நீயும் காஞ்சுதான் கெடக்குற."

காய்ந்த கயிறு

நடைமேடை வந்துவிட்டது. துரைமார் சப்பாத்தில் சேறு படாமல் போகிறார்கள். நான் மட்டும் சாக்கடை ஓரமாகவே நடக்கிறேன். நேற்று முனுசாமி, சுவர் இருந்த இடத்தில் கட்டிய ஓலைத் தட்டியை விலக்கிக்கொண்டு எதிரே வந்தான். திட்டுவான் என்று நின்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. "எங்க வாசலுக்கு வரச்சொல்ல மட்டும் அந்தக் கயிறு ஏன் நைனா காஞ்சு கெடந்துது?"

இரண்டு பாஷை பேசி வயிறு வளர்த்த நான் இந்தத் தெருவுக்குச் செய்த ஒரே உபகாரம், இரண்டு பாஷையிலும் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். அதையும் ஒரு வாசல் தாண்டிச் செய்தேன்.