செல் என்றால் போன் இல்லை: ரோவிலிலிருந்து பரமட்டாவுக்கு

ரோவிலில் எங்கள் பக்கத்து வீட்டு மெற்றில்டா அன்ரிக்காகத்தான் இந்தப் பயணம். மன்னார்க்காரர். இலங்கைப் போரின் கடைசி நாட்களில், தற்காலிக ஆஸ்பத்திரியில் கிடந்த கணவரைப் பறிகொடுத்தவர். அங்கே எல்லோரையும் வாய்பொத்த வைத்திருந்த ஆட்சி கவிழ்ந்தபின், சிட்னியின் பரமட்டாவில் சில வழக்கறிஞர்கள் போர்க்குற்ற வழக்குக்குச் சாட்சியம் சேர்க்கிறார்கள். அன்ரியையும் அழைத்திருந்தார்கள். "சிட்னிமட்டும் ஓடுவீரோ தம்பி?" என்றார். எங்கள் திருச்சியில் காலால்தான் ஓடுவோம். சிட்னி வரைக்கும் கார் ஓட்டுவதைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஏப்ரலில் ஒரு வியாழன் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஹியூம் நெடுஞ்சாலையில் சுமார் 870 கிலோமீட்டர். நிறுத்தங்களோடு பதினொரு மணி நேரம் ஆகும். கடலே இல்லாத ஹோல்புரூக்கில், ஊர் நடுவே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. "கடலை எங்க விட்டிட்டு வந்தது?" என்றார் அன்ரி. அங்கேயே அன்ரி கட்டிவந்த ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். உறைப்பில் என் கண்ணில் நீர் வந்தது. அவருக்கோ ஒரே சிரிப்பு.

மறுநாள் காலை வாக்குமூலம். நான் துணைக்கு உட்காரலாம், பேசக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் கோயம்புத்தூர்ப் பெண். என்ன நடந்தது என்று வழக்கறிஞர் கேட்டதும் அன்ரி தொடங்கினார்: "விடியக்காலமை ஆஸ்பத்திரிக்குச் செல் அடிச்சவங்கள்."

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தார்கள் என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார். கதை தெரியாவிட்டால் என் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கும். எத்தனை தடவை என்று கேட்டார் வழக்கறிஞர்.

"ஆர் எண்ணினது? நிப்பாட்டாமல் அடிச்சவங்கள்."

ஒரு மனிதரின் சாவு போன் அழைப்பாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பில் மறுபடி 'போன்' என்று கேட்டதும் அன்ரி கையை உயர்த்தினார்.

"பொறும் பிள்ளை. போன் எங்க வந்தது? நான் சொல்லுறது குண்டு. விழுந்து வெடிக்கிறது."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, சாரி ஆன்ட்டி. எங்க ஊர்ல செல்லுன்னா போன்தான்."

"குண்டு விழாத ஊரிலை அப்பிடித்தான் இருக்கும். பரவாயில்லை, முதலிலையிருந்து சொல்லுறன்."

சொன்னார், ஒன்றுவிடாமல். திரும்பும் வழியெல்லாம் காரில் அன்ரியின் மாதா பாட்டுத்தான். இத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. என் மனமும் நிறைந்திருந்தது.

இப்படிச் சாட்சி சொல்லப் போகிறவர்கள், நேரம் குறிக்கும்போதே இலங்கைத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தமிழ் என்று மட்டும் சொன்னால் போதாது. முதல் நாளே போய்ப் படுத்துத் தூங்குங்கள். கையெழுத்துப் போடுமுன் எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அன்ரி அப்படித்தான் கேட்டார். கணவர் இறந்துவிட்டார் என்ற வரி வந்ததும் மறித்தார்.

"செத்தவர் எண்டு எழுதாதேங்கோ. சாக்காட்டினவங்கள்."

இந்த முறை அந்தப் பெண் அவசரப்படவில்லை. "கொன்னுட்டாங்கன்னு எழுதணுமா ஆன்ட்டி?"

"ஓம்," என்று பேனாவை வாங்கினார் அன்ரி.