வாசலில் பதித்த கல்

இன்று காலை என் வீட்டு வாசலிலேயே நின்று, அது என் அப்பா கட்டிய வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னது, வெளியூர்க்காரர்களுக்குப் புதுச்சேரியை நடந்தே சுற்றிக்காட்டும் ஒரு பெண். "பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாயா இருந்த சொல்தா ஒருத்தர் கட்டுன வீடு இது" என்றாள்.

'அப்பா கட்டியது' என்று செதுக்கி நான் வாசலில் பதித்த கல்லைக் காட்டினேன்.

"எங்க டூர் பேப்பர்ல இப்படித்தான் இருக்குங்கய்யா. வாங்க, நடந்துகிட்டே பேசலாம்."

விடவில்லை, அவள் அழைத்து வந்த கூட்டத்தோடு நானும் நடந்தேன். பேக்கரியில் ரொட்டி, மாதா கோயில் வாசலில் சுண்டல் என்று எனக்கும் கொடுத்தார்கள். தின்றுகொண்டே வாதாடினேன்.

பெரிய மார்க்கெட்டில் என் அக்கா மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். சாட்சி சொல்லக் கூப்பிட்டேன்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்டா. அப்பா அந்த சொல்தாகிட்டதான் வாங்குனாரு. நீ அப்பப் பொறக்கவே இல்ல."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ எங்க பேசவுட்ட?"

யாரை நம்புவது என்று இன்னும் விளங்கவில்லை.

அக்கா பழைய பத்திரத்தைத் தேடி எடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பெண் என் தெரு வழியாக யாரையும் அழைத்து வரக்கூடாது. கல்லை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள். எடுக்க மட்டும் சொல்லாதீர்கள்.