எங்கள் கல்லூரியில் பிரின்சிபல் இல்லை

போன மாதம் ஸ்காபரோ தமிழ்க்கடையில் நடந்ததை இங்கே எழுதியிருந்தேன். நான் வேலை செய்யும் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவருக்கு 'புரவோஸ்ட்' என்று பெயர் என்றேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்து அங்கிள் ஒருவர் விடவில்லை.

"அது ஆமிப் பொலிஸ்காரன்ர பதவியடா. கொலிஜ் எண்டால் பிரின்சிபல்தான். ரிசெப்சன் மேசையில இருக்கிற உனக்கு என்ன தெரியும்?"

கடை முழுக்கச் சிரித்தது.

இன்று அதே அங்கிள் என் மேசைக்கு முன்னால், ஒரு பெட்டி அழைப்பிதழோடு நின்றார்.

"தம்பி, பிரின்சிபலைப் பார்க்கவேணும். எங்கட விழாவுக்கு அவர்தான் பிரதம விருந்தினர்."

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை, அங்கிள். பக்கத்துக் கொலிஜில இருக்கிறார்."

பொய்யில்லை. அங்கே தலைவருக்குப் பெயர் பிரின்சிபல்தான்.

பனிக்குள் நடந்து போனவர், அரை மணித்தியாலத்தில் நனைந்த சப்பாத்தோடு திரும்பி வந்தார்.

"அவர் வேற ஆளாம், தம்பி. உங்கட ஆள்... அந்தப் புரவோஸ்ட்தானாம்."

"அது ஆமியில எல்லோ, அங்கிள்?"

அவர் பெட்டியைத் திறந்தார். எல்லா அட்டையிலும் 'பிரின்சிபல்' என்று பொன் எழுத்தில் அச்சடித்திருந்தது.

பேனையைக் கொடுத்து, என் ரிசெப்சன் மேசையிலேயே இருத்தி, ஒவ்வொன்றிலும் அதை வெட்டி 'புரவோஸ்ட்' என்று எழுத வைத்தேன்.

நான் செய்தது அநியாயம் என்பவர்கள் பதில் போடுங்கள். வாசிப்பேன், வருந்த மாட்டேன்.